உயரத்து விழுது

குளக்கரைப் புதரில் ஒரு மயில் முட்டையிட்டு அடைகாத்து வந்தது. ஒருநாள் காலை தாகம் தாங்காமல் குளத்துக்குப் போய், நாலு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஓடி வந்தது. கூட்டில் ஒரு முட்டைகூட இல்லை!

மயில் போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது.

முட்டைகளைத் தின்றது உடும்பு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை முடியும்வரை காட்டில் ஒருவரும் அதைச் சொல்லப்போவதில்லை.

"யாராவது பார்த்தீங்களா?" என்று அழுதுகொண்டே கேட்டது மயில்.

"எடுத்ததைப் பார்க்கலை," என்றது உடும்பு, வாயைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அந்த அலங்கு காலையில இங்கதான் மண்ணைத் தோண்டிக்கிட்டு இருந்தா. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!"

தோண்டியது உண்மைதான். புதருக்குப் பக்கத்தில் ஒரு கறையான் புற்று இருந்தது. அலங்கு என்றால் எறும்புத்தின்னி. அதற்கு எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. அதன் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நீள நாக்கை உள்ளே விட்டு நக்கித் தின்னும். முட்டையை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

எல்லோரும் அலங்கின் வளைக்குப் போனார்கள். அலங்கு வெளியே வந்தது. அதன் வாலின்மேல் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"திருடி!" என்று கத்தியது மயில்.

அலங்கு சட்டென்று குட்டியை வயிற்றோடு சேர்த்து இழுத்து, தலையையும் மடக்கிப் பந்தாகச் சுருண்டுவிட்டது.

"பாருங்க! தப்புப் பண்ணாதவ எதுக்கு மூஞ்சியை மறைக்கணும்?" என்றது உடும்பு.

இடி இடித்தாலும் அலங்கு அப்படித்தான் சுருளும். மரக்கிளை முறிந்து விழுந்தாலும் சுருளும். இது காட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

அந்தக் காட்டின் நீதிபதி கரடியார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அது இலுப்பை பூக்கும் காலம். மரத்தடியில் பூ கொட்டிக் கிடக்கும். கரடியார் போவதற்குள் மான்கள் மேய்ந்துவிடும். அதனால் வழக்கு நீண்டால் அவருக்கு எரிச்சல் வரும். அவர் சீக்கிரம் எழுந்து போவதற்காகவே வழக்கு நடத்தும் நரியார் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

காட்டின் நடுவே ஒரு பெரிய ஆலமரம். அதனடியில், எப்போதோ யானை பிடிக்க வந்தவர்கள் வெட்டிவிட்டுப் போன ஆழமான குழி. தண்டனை பெற்றவர்களை அந்தக் குழியில் இறக்குவார்கள். அதற்கு முன் ஆலமரத்தில் ஒரு விழுதைக் காட்டுவார்கள். அந்த விழுது வளர்ந்து மண்ணைத் தொடும் அன்று விடுதலை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தரைக்குப் பக்கத்தில் தொங்கும் விழுது. ஒரு மழைக்காலத்தில் தொட்டுவிடும். "நான் செய்யவில்லை, விசாரியுங்கள்" என்று கேட்டு, வழக்கில் தோற்றுவிட்டால், உச்சிக் கிளையில் அப்போதுதான் முளைவிட்டிருக்கும் விழுது.

விசாரிக்கச் சொன்னதற்கா இவ்வளவு தண்டனை என்று நீங்கள் கேட்கலாம். காட்டில் யாரும் கேட்கவில்லை.

நரியார் அலங்கைத் தனியே கூப்பிட்டார்.

"இதோ பாரும்மா, உன் நல்லதுக்குச் சொல்றேன். 'நான்தான் எடுத்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஒரு மழை. திரும்பி வந்து குட்டியைப் பார்த்துக்கலாம்."

"ஐயா, நான் எடுக்கலையே! எனக்குப் பல்லே கிடையாது. வேணும்னா வாயைத் திறக்கிறேன், பாருங்க!"

"என்கிட்ட ஏன் திறக்கிறே? விசாரணை கேட்டு அங்க திறந்து காட்டு. ஜெயிச்சா வீட்டுக்குப் போலாம். தோத்தா?" நரியார் மூக்கை உயர்த்தி உச்சிக் கிளையைக் காட்டினார். "அது தரையைத் தொடும்போது உன் குட்டி கிழவியாகியிருக்கும்."

அலங்கு அண்ணாந்து பார்த்தது. விழுது கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை.

"எனக்காகப் பேச யாரும் இல்லையா?"

"ஏன் இல்லை? ஆந்தையார் இருக்காரே!"

ஆந்தையார் கிளையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஏழைகளுக்காக வாதாட அவரைத்தான் நியமித்திருந்தார்கள். வழக்குகளோ பகலில் மட்டும்தான் நடக்கும். அலங்கு மூன்று முறை கூப்பிட்ட பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஒத்துக்க. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

குட்டி வாலைப் பிடித்து இழுத்தது. "அம்மா, பசிக்குது. வீட்டுக்குப் போலாம்."

அது இன்னும் சரியாக எறும்பு பிடிக்கக்கூடப் பழகவில்லை. அலங்கு குட்டியைப் பார்த்தது. உச்சிக் கிளையைப் பார்த்தது. பிறகு கரடியார் முன்னால் போய் நின்று, "நான்தான் எடுத்தேன்," என்றது.

"சத்தமா! காடு முழுக்கக் கேக்கணும்!" என்றார் நரியார்.

"நான்தான் எடுத்தேன்!"

கரடியார் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "யாராவது உன்னை மிரட்டினாங்களா? பயமுறுத்தினாங்களா? மனசார ஒத்துக்கிறியா?"

"யாரும் பயமுறுத்தலைங்க. மனசார ஒத்துக்கிறேன்."

"நல்லது. கீழ் விழுது!" என்று சொல்லிவிட்டுக் கரடியார் இலுப்பை மரத்தைப் பார்த்து ஓடினார். மயிலுக்கும் நெஞ்சு ஆறியது. உடும்பு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது.

குட்டியைப் பக்கத்து வளை முயலிடம் விட்டுவிட்டு அலங்கு குழிக்குள் இறங்கியது. அங்கே அணில் இருந்தது, கீரி இருந்தது, சருகுமான் இருந்தது. "நான் ஒண்ணும் செய்யலை," என்றது அலங்கு. யாரும் ஆச்சரியப்படவில்லை.

மூலையில் ஒரு முள்ளம்பன்றி படுத்திருந்தது. உடம்பில் பாதி முள் உதிர்ந்துவிட்டது.

"மேலேயிருந்துதானே வர்றே? உச்சிக் கிளை விழுது எவ்வளவு இறங்கியிருக்கு?" என்று அது ஆவலாகக் கேட்டது.

"கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றது அலங்கு.

"நான் ஒரு கிழங்கு எடுத்தேன், தாயி. ஒரே ஒரு கிழங்கு. எடுக்கலைன்னு நான் சொல்லவே இல்லை. பஞ்ச காலம், பிள்ளைங்க பட்டினின்னு சொல்லணும்னு ஆசைப்பட்டேன். அதைச் சொல்றதுக்குத்தான் விசாரணை கேட்டேன்."

"கேட்டாங்களா?"

"நான் பாதி சொல்லும்போதே கரடியார் எழுந்துட்டார்."

ஒரு கிழங்குக்கு ஓர் ஆயுள்! எனக்கு இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. ஆனால் காட்டில் எல்லோரும் அந்தக் குழியைச் சுற்றித்தான் தினமும் தண்ணீருக்குப் போனார்கள்.

மழை வந்தது. கீழ் விழுது மண்ணைத் தொட்டது. அலங்கு மேலே ஏறி, மூச்சு வாங்க முயலின் வளைக்கு ஓடியது.

குட்டி வளர்ந்திருந்தது. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. வாலில் ஏறவும் இல்லை. தள்ளியே நின்றது.

"எல்லாரும் என்னை முட்டைத் திருடி மகள்னு கூப்பிடுறாங்க. நீ எடுத்தியாம்மா?"

"இல்லைடா கண்ணு."

"அப்ப ஏன் எடுத்தேன்னு சொன்னே? காடே கேட்டுச்சே! நானும் கேட்டேனே!"

"உன்கிட்ட சீக்கிரம் வரணும்னுதான் சொன்னேன்."

குட்டி நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே வளையில் தள்ளித் தள்ளிப் படுத்தார்கள்.

மறுபடியும் இலுப்பை பூத்தது. மயில் மறுபடியும் முட்டையிட்டது. உடும்புக்கு மறுபடியும் பசித்தது.

இந்த முறை யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. "யார் பார்த்தது?" என்றுகூடக் கேட்கவில்லை. நேரே அலங்கின் வளைக்குத்தான் வந்தார்கள்.

"ரெண்டாவது தடவை! போனமுறை மாதிரி கீழ் விழுது கிடையாது," என்றார் நரியார். "ஆனாலும் ஒத்துக்கிட்டா நடுக்கிளை விழுது வாங்கித் தர்றேன். என்ன சொல்றே?"

அலங்கு திரும்பிப் பார்த்தது. கூட்டத்துக்குப் பின்னால் குட்டி நின்றுகொண்டிருந்தது. கண் கொட்டாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பயத்தில் அலங்குக்கு உடம்பு தானாகச் சுருளப் பார்த்தது. கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்றது.

"நான் எடுக்கலை! போன தடவையும் எடுக்கலை! என்னை விசாரிங்க!"

கரடியார் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்தார்.

"எனக்குப் பல்லே கிடையாதுங்க! பாருங்க!" அலங்கு வாயை அகலத் திறந்தது.

முதலில் மயில்தான் கிட்டே வந்து எட்டிப் பார்த்தது. "ஆமா... பல்லே இல்லையே! அப்ப என் முட்டைங்களை..." என்று இழுத்தது.

அந்த ஒரு நொடி, எல்லாம் சரியாகிவிடும்போல இருந்தது. உடும்பு மெல்ல நகர்ந்து கூட்டத்துக்குப் பின்னால் போனது.

நரியார் சிரித்தார். "அப்படியா! போன தடவை மட்டும் பல்லில்லாமத்தான் தின்னியா? நாங்களா சொன்னோம்? நீதானே சொன்னே! யாரும் பயமுறுத்தலைன்னு வேற சொன்னே!"

கூட்டம் சிரித்தது. கரடியாரும் சிரித்தார். மயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டது. அதற்கும் யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. கிளையில் ஆந்தையார் குறட்டை விட்டார்.

"உச்சி விழுது!" என்று சொல்லிவிட்டுக் கரடியார் எழுந்தார்.

அலங்கைக் குழிக்கு இழுத்துப் போனார்கள். வழியில் வால் கனத்தது. திரும்பிப் பார்த்தது. குட்டி வாலில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு வளர்ந்த பிறகு எந்தக் குட்டியும் அப்படி ஏறாது.

"நீ எடுக்கலைம்மா! நீ எடுக்கலை!" என்று அழுதது குட்டி.

குழியின் விளிம்பில் அதைப் பிய்த்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கீழே மூலையில் முள்ளம்பன்றி இன்னும் உயிரோடு இருந்தது. அதற்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. யாரோ வந்தது மட்டும் தெரிந்தது.

"மேலேயிருந்துதானே வர்றே?" என்றது. "உச்சிக் கிளை விழுது எவ்வளவு இறங்கியிருக்கு?"

அலங்கு அதன் பக்கத்தில் போய்ச் சுருண்டு படுத்தது. மேலேயிருந்து குட்டியின் அழுகை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

பெரிய தண்டனையைக் காட்டிப் பயமுறுத்தி வாங்கும் ஒப்புதலால் வழக்கு முடிந்துவிடும். நீதி ஒருநாளும் கிடைக்காது.