கருப்பட்டி தின்ற செவலைக்காளை

முன்னொரு காலத்தில் மருதவேலி என்கிற நாட்டைச் சொக்கபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனசு. ஆனால் அவர் காது மட்டும் அவருடையது இல்லை, கடைசியாக யார் பேசினார்களோ அவர்களுடையது.

ஒரு வருஷம் மாட்டுக்கு நோய் வந்து தொழுவமெல்லாம் காலி. ராஜா பதறிப்போய் பனையடி, ஓடைமேடு, செம்பாலை என்ற மூன்று ஊருக்கும், ஊருக்குப் பத்து ஜோடி உழவுமாடு மானியம் என்று உத்தரவு போட்டார். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியவர் தானாதிகாரி உத்தண்டர். அந்த மனுஷர் முன்கூட்டியே ராஜாவின் காதில் ஓதி வைத்திருந்தார்: "தர்மத்தை வெளியே சொன்னால் புண்ணியம் கரைந்துவிடும் பிரபு. யாருக்கு என்ன கொடுத்தோம் என்பது நமக்குள்ளேயே இருக்கட்டும்."

ராஜாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம் என்ன, எந்த ஊருக்கு எது போயிற்று என்று வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

மழை பெய்தது. செம்பாலையில் உழ மாடில்லை. பத்து நாளைக்குள் உழவில்லை என்றால் அந்த வருஷ விளைச்சல் போச்சு. காத்தாயி என்கிற உழவுக்காரப் பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைநகருக்கு நடந்தாள். சபையில் போய் நின்று, எங்களுக்கு மாடு வேண்டும் என்று கேட்டாள்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "உங்கள் ஊரோடு மூன்று ஊருக்கும் பத்துப் பத்து ஜோடி கொடுத்தாயிற்றே. வாங்கிக்கொண்டு மறுபடியும் கை நீட்டுகிறாயா? நீ சொல்வது பொய்யென்றால் உங்கள் ஊர் நிலமெல்லாம் அரண்மனைக்கு."

கொடுத்தாயிற்றாமே! அப்போதுதான் காத்தாயிக்குப் பொறி தட்டியது. வருகிற வழியில், உத்தண்டரின் சொந்த வயலில் பத்து ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்ததைப் பார்த்தாளே. முன்னால் போன செவலைக்காளையின் வளைந்த கொம்புகூட நினைவில் இருந்தது. ஆனால் அவள் உழவுக்காரி, அவர் அதிகாரி. இவள் சொல்லை யார் நம்பப்போகிறார்கள்?

நிமிஷத்தில் முகத்தை மாற்றிக்கொண்டாள். "தப்புத்தான் மகாராஜா. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு கொடுத்தவர் ஊர் நடுவே தண்டோரா போட்டுச் சொல்லி, முதல் மாட்டுக்குத் தன் கையால் கருப்பட்டி ஊட்டவேண்டும். அதுவரைக்கும் கொடை முடிந்ததாக எங்கள் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று ஊரிலும் அது பாக்கி நிற்கிறது."

ஊர்வலம், தண்டோரா, ஜனங்களின் வாழ்த்து! ராஜா சிம்மாசனத்திலேயே குதித்துவிட்டார். புண்ணியம் கரைகிற பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. நாளைக்கே மூன்று ஊருக்கும் புறப்பாடு என்றார். உத்தண்டரின் வெளிறிய முகம் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. பல்லக்குப் போகிற சாலை மலையைச் சுற்றிப் போகும், ஓடை வழியே குறுக்குப் பாதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன.

மறுநாள் காலை பனையடியில் பத்து ஜோடி மாடு வரிசையாக நின்றது. பின்னால் உத்தண்டரின் ஆட்கள் தடியோடு நிற்க, ஜனங்கள் வாயைத் திறக்கவில்லை. ராஜா மடியிலிருந்து கருப்பட்டியை எடுத்து முன்னால் நின்ற செவலைக்காளைக்கு ஊட்டினார். அது கையை நக்கி முடித்தும் விடவில்லை. உச்சிவேளைக்கு ஓடைமேடு. அங்கேயும் பத்து ஜோடி, அங்கேயும் ஒரு செவலை, அங்கேயும் கருப்பட்டி. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. உத்தண்டர் காத்தாயியைப் பார்த்து மீசையை முறுக்கினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பல்லக்குக்குப் பின்னால் நடந்தாள். மாடு கைகொடுக்குமா கைவிடுமா என்பதுதான் அவள் கவலை.

பொழுது சாய்கிற நேரம் செம்பாலை வந்தது. தண்டோரா முழங்கியது. ராஜா பல்லக்கிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். வரிசையில் நின்ற செவலைக்காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடிவந்தது. காவலர்கள் சிதறி ஓட, அது நேரே ராஜாவின் மடியில் மூக்கை நுழைத்துக் கருப்பட்டியைத் தேடியது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் இந்த ஊருக்கு வருவது இதுதானே முதல் தடவை. என் மடியில் கருப்பட்டி இருப்பது இதற்கு எப்படித் தெரியும்?"

உத்தண்டர் தடுமாறி, தங்கள் முகத்தைப் பார்த்ததும் விலங்குக்கும் பக்தி வந்துவிடுகிறது பிரபு என்றார்.

"மாட்டுக்கு உங்கள் கணக்கோலையை வாசிக்கத் தெரியாது சாமி," என்றாள் காத்தாயி. "ஊட்டின கையை மட்டும்தான் தெரியும். மகாராஜா, மூன்று ஊர் மாட்டையும் இப்போதே இந்த மந்தையில் ஒன்றாக நிறுத்தச் சொல்லுங்கள்."

ராஜா சொன்னார். உத்தண்டர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எங்கிருந்து கொண்டுவருவார்? இருந்ததே பத்து ஜோடிதான், மிச்சத்தைச் சந்தையில் விற்றுத் தின்று ஏப்பம் விட்டாயிற்று. அப்படியே ராஜாவின் காலில் விழுந்தார்.

அந்தப் பத்து ஜோடியும் அங்கேயே செம்பாலைக்கு ஆயிற்று. மற்ற இரண்டு ஊருக்கும் உத்தண்டரின் நிலத்தை விற்று மாடு வாங்க உத்தரவாயிற்று. உனக்கு என்ன வேண்டும், பொன்னா பட்டா என்று ராஜா காத்தாயியைக் கேட்டார்.

"கொடுக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள் மகாராஜா, அது போதும். எந்த ஊருக்கு என்ன, எவ்வளவு, யார் கையில் என்று எல்லா ஊரிலும் தண்டோரா போடட்டும். வரவில்லை என்றால் நாங்களே வந்து கேட்டுக்கொள்கிறோம்."

அப்படியே ஆயிற்று. தண்டோரா போடுகிற வேலை யாருக்குக் கிடைத்தது என்கிறீர்கள்? சாட்சாத் உத்தண்டருக்குத்தான். கழுத்தில் பறையை மாட்டிக்கொண்டு, இந்த ஊருக்கு இன்ன மானியம் என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனார். செம்பாலைக்கு வந்தபோது காத்தாயி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாள். செவலைக்காளை நின்று, வரப்பில் நின்றவரின் மடியை ஒருதரம் மோந்து பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. தும்மிவிட்டுத் திரும்பி உழப் போய்விட்டது.