கண்ணிக் கயிற்றுக் காப்பு

கரட்டுக் காட்டில் கோணவாலன் என்றொரு குரங்கு இருந்தது. வால்தான் கோணல், விரல்கள் படு கெட்டி. வேட்டைக்காரன் வேலிச் சந்துகளில் வைக்கும் கண்ணிகளைத் தேடிப் போய், பல்லால் கடித்து அறுத்துவிடும். அதனால் முயல், கௌதாரி, அணில் எல்லோருக்கும் அதன்மேல் மரியாதை.

மரியாதை மட்டும் கோணவாலனுக்குப் போதவில்லை. நாலு பேர் கூடி நின்று ‘ஆகா!’ என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் அறுத்த கயிறுகளோடு பாறைமேல் உட்கார்ந்தது. சிவப்பும் நீலமுமாக நல்ல நைலான் கயிறுகள். நுனியைக் கால் விரலில் மாட்டி விறைப்பாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு நிறங்களையும் மாற்றி மாற்றி முடிச்சுப் போட்டது. ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் இறுக்கியது. கடைசியில், வேட்டைக்காரன் போடுகிற அதே சுருக்கு முடிச்சு. கையை உள்ளே விட்டு இழுத்தால் தானாக இறுகும்.

“காப்பு! கைக்காப்பு! யாருக்கு வேணும்?” என்று கூவியது.

காடே கூடிவிட்டது. முயலுக்கு ஏது கை என்று கேட்காதீர்கள். காப்புப் போட ஆசை வந்துவிட்டால் முன்னங்கால் கையாகிவிடும்.

கூட்டத்தில் ஒரு கௌதாரி மட்டும் முன்னால் வரவில்லை. அதன் துணை போன மாரிக்காலத்தில் கண்ணியில் மாட்டிச் செத்துப்போயிருந்தது.

“கோணவாலா, கண்ணியை அறுக்கிறே, உனக்குப் புண்ணியம். ஆனா அந்தக் கயித்தை எங்களுக்கு மாட்டாதே. அந்தச் சுருக்கைப் பார்த்தாலே என் துணை ஞாபகம் வருது!”

“சுருக்கு இருந்தாத்தான் எந்தக் கைக்கும் பொருந்தும். உனக்கு வேலை நுணுக்கம் தெரியாது!”

“வேற முடிச்சுப் போடேன். பிள்ளைங்க இதைப் பார்த்துப் பழகிடும்பா.”

“நல்ல நாளும் அதுவுமா கண்ணி கண்ணின்னு சொல்லாதே. இனிமே இதுக்குப் பேரு காப்பு!”

எல்லோரும் சிரித்தார்கள். கௌதாரி புதருக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து காட்டில் காப்புப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. குட்டிகளுக்கு ஒரு விளையாட்டும் வந்துவிட்டது. “கையை விடு! இழு! இறுகட்டும்!” என்று கத்திக்கொண்டு குதிப்பார்கள். சொல்லிக்கொடுத்தது கோணவாலன்தான்.

சாம்பலி என்ற முயல் முன்பெல்லாம் தன் குட்டி துத்தியிடம், “வட்டமா எது தொங்கினாலும் கிட்டப் போகாதே” என்று தினமும் சொல்லும். இப்போது சொன்னால் துத்தி, “போம்மா, அது காப்பு!” என்றது. சாம்பலிக்குச் சிரிப்பு வந்தது. அதன் கையிலும் ஒன்று சிவப்பாக மினுங்கியது. பிறகு சொல்வதையே விட்டுவிட்டது.

துத்திக்குத்தான் காப்புக் கிடைக்கவில்லை. அதன் முறை வரும்போது கயிறு தீர்ந்துபோனது.

“மாமா, எனக்கு?”

“அழாதே கண்ணு. அடுத்த கயிறு கிடைச்சதும் முதல் காப்பு உனக்குத்தான். சிவப்பு போதுமா?”

“சிவப்புதான் வேணும்!”

கயிறெல்லாம் காணாமல் போவதைக் கண்ட வேட்டைக்காரன் சும்மா இருப்பானா? இந்தத் தடவை கம்பியில் கண்ணி செய்தான். கம்பி வெயிலில் மினுங்கிக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, கையில் கிடைத்த சிவப்பு நூலை அதன்மேல் சுற்றினான். வேலிச் சந்தில் தொங்கவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் புல் மேய வந்த துத்தி அதைப் பார்த்தது. சிவப்பு வளையம்! அளவும் சின்னது!

“மாமா எனக்காக வெச்சிருக்காரு!”

கையை விட்டது. இழுத்தது. இறுகியது.

வழக்கம்போலக் கண்ணி தேடி வந்த கோணவாலன் வேலியருகே அப்படியே நின்றுவிட்டது.

துத்தி திரும்பிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தது. “மாமா! சொன்ன மாதிரியே வெச்சுட்டீங்களே! எனக்குப் பொருத்தமா இருக்கா?”

கோணவாலன் பாய்ந்து போய்க் கடித்தது. பல்லில் கம்பி நறநறத்தது, அறவில்லை. இன்னும் கடித்தது. வாயில் ரத்தம் வந்ததே தவிரக் கம்பி அறவில்லை.

“மாமா, வலிக்குது.”

“இழுக்காதே துத்தி! அசையாம இரு!”

“நீங்கதானே இழுக்கச் சொன்னீங்க?”

பயத்தில் குட்டி இன்னும் இழுத்தது. சுருக்கு ரோமத்துக்குள் புதைந்தது. கோணவாலன் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தது. எத்தனையோ முடிச்சுப் போட்ட விரல்களுக்குக் கம்பி நெகிழவில்லை. இறுகிய சுருக்கை அவிழ்க்க அது ஒருநாளும் பழகியதில்லை.

நாய் குரைத்தது. வேட்டைக்காரனின் செருப்புச் சத்தம் கேட்டது. கோணவாலன் மரத்தில் ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை அதுவும் சாகும்வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

வேட்டைக்காரன் போன பிறகு வேலிச் சந்தில் மிதிபட்ட புல் மட்டும் கிடந்தது. சாம்பலி ஓடி வந்து புல்லை மோந்து மோந்து பார்த்தது. பிறகு தலை நிமிர்த்தாமலே கேட்டது.

“எம் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?”

கோணவாலன் மறைக்கவில்லை. “‘நீங்கதானே இழுக்கச் சொன்னீங்க’ன்னு கேட்டா” என்றது.

சாம்பலி தன் கையிலிருந்த காப்பை நீட்டியது. கோணவாலன் அதைக் கடித்து அறுத்தது. ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். கௌதாரியும் வந்து நின்றது. ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று அது சொல்லவில்லை. சாம்பலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசியாக ஓர் அணில்குட்டி கையை மறைத்துக்கொண்டு அழுதது. “என் காப்பை ஏன் அறுக்கிறீங்க?”

“அது காப்பு இல்லடா, கண்ணி” என்றது கோணவாலன்.

முதல்நாளே சொல்லியிருக்க வேண்டிய சொல். சொன்னபோது கேட்கத் துத்தி இல்லை.

கண்ணிக்குக் காப்பு என்று பெரியவர்கள் பெயர் வைத்தால், அதை நம்பிக் கையை நீட்டுவது குழந்தைதான்.