கிளி சொல்லாத விடை

குரு என்றால் தாடியும் ஆசிரமமும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதில் வரும் குரு ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கைப்பையில் குடை, விரல் நுனிகளில் சாக்பீஸ் தூள். பெயர் எமிலி. சிஷ்யைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அரசாங்கக் காரில் வந்து இறங்கினாள். பெயர் வசுமதி.

தெற்கே இலுப்பங்காட்டில், எமிலி டீச்சரின் பள்ளிக்கூடத்தில்தான் வசுமதி முதன்முதலாக ஆசிரியையாகச் சேர்ந்தாள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் பேச்சு பாதி புரியாமல் அவள் விழிப்பாள். பட்டம் நிறைய வைத்திருந்தாள். ஒரு குறை மட்டும் இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்பாள்; பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் விடையையும் அவளே சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் எமிலி டீச்சர் அவளைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கற்கண்டை வைத்தார்.

"கேள்வியக் கேட்டுட்டு இதை வாயில போடு. கரையுற வரைக்கும் பேசப்படாது."

"கடிச்சு முழுங்கிட்டா?"

"கடிக்கிற சத்தம் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேக்கும்ளா. எனக்குக் காது நல்லா இருக்கு."

அந்த ஆண்டு முழுவதும் வசுமதி கற்கண்டும் வாயுமாக நின்றாள். பிறகு இடமாறுதல், மேற்படிப்பு, சென்னையில் பாடத்திட்ட அலுவலகம் என்று வாழ்க்கை அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குளிரூட்டிய அறையில் ஆறிய தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரங்களில் இலுப்பங்காட்டு ஓட்டுக் கூரையும், மத்தியானச் சாம்பார் கொதிக்கும் வாசனையும், முட்டை போடும் நாளில் பிள்ளைகள் முகத்தில் வரும் களையும் அவளுக்கு நினைவு வரும். நினைத்து என்ன பயன்? மறுபடி கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள்.

அதனால்தான் கைக்கணினித் திட்டம் வந்தபோது, சோதனைக்குத் தேர்ந்த சில பள்ளிகளில் ஒன்றாக இலுப்பங்காட்டை அவளே சேர்த்தாள். பிள்ளைக்கு ஒரு கைக்கணினி. அதற்குள்ளே ஒரு பச்சைக் கிளி. கிளி கேள்வி கேட்கும். பிள்ளை திரையைத் தொட்டு விடை சொல்ல வேண்டும். சரியென்றால் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் உதிரும். தவறென்றால் ஒரு நட்சத்திரம் போய்விடும். பிள்ளை தயங்கினால் சற்று நேரம் பொறுத்துக் கிளியே விடையைச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்கும். இந்தக் கடைசி ஏற்பாடு வசுமதியின் யோசனை. எந்தப் பிள்ளையும் தோற்றுப்போனதாக நினைத்து மனம் உடையக் கூடாது என்று கூட்டத்தில் வாதாடி வாங்கினாள். கைதட்டினார்கள்.

திட்டம் அமோகமாக நடந்தது. மதிப்பெண்கள் மாதத்துக்கு மாதம் ஏறின. மறுநாள் துறைச் செயலாளர் நேரில் வந்து பார்க்கப்போகிறார். அவருக்குத் திருப்தியென்றால் மாநிலம் முழுவதும் கிளி பறக்கும். அதற்குத்தான் வசுமதி ஒரு நாள் முன்னதாக வந்திருந்தாள்.

காரை விட்டு இறங்கியதும் எதுவோ குறைவதாகப் பட்டது. அந்தக் காலத்தில் இந்தப் பள்ளியின் வாய்ப்பாட்டுச் சத்தம் கேட்டாலே பேருந்து நடத்துநர் விசில் ஊதிவிடுவார். தனியாக நிறுத்தப் பலகை தேவைப்பட்டதில்லை. இப்போது வேப்ப மரத்துக் காக்கையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பிள்ளைங்க எவ்வளவு ஒழுங்கா இருக்காங்க டீச்சர்!" என்றாள்.

"ஆமா," என்றார் எமிலி டீச்சர். "போய்ப் பாரு."

மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில், செல்லக்கனி என்ற சிறுமியின் பக்கத்தில் வசுமதி தரையில் அமர்ந்தாள். திரையில் கிளி சிறகை அடித்துக்கொண்டு கேட்டது: பதினெட்டும் ஆறும் எத்தனை?

செல்லக்கனி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

கிளி கண் சிமிட்டியது. செல்லக்கனியும் கண் சிமிட்டினாள். சற்று நேரத்தில், "இருபத்து நான்கு!" என்றது கிளி. மறுபடி கேட்டது. செல்லக்கனி கைக்கட்டை அவிழ்த்து, ஒற்றை விரலால் இருபத்து நான்கைத் தொட்டாள். நட்சத்திரம் உதிர்ந்தது. கைகளை மறுபடி கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, நீயே போடலாமே?"

"அதுவே சொல்லிரும்லா டீச்சர்."

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? அவசரப்பட்டுத் தொட்டுத் தப்பாயிட்டுன்னா நட்சத்திரம் போயிரும். செத்த நேரம் சும்மா இருந்தா அதுவே சொல்லும். பெறவு தொட்டா விழும்."

"இதை யார் சொல்லிக்குடுத்தா?"

"ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் இப்படித்தான்."

வசுமதி தலையை நிமிர்த்தினாள். வரிசை வரிசையாகப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, வராத பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒழுங்கு என்று மெச்சியது இதைத்தான். சென்னையில் அவள் சுவரில் மாட்டியிருந்த ஏறுமுகக் கோடும் இதுதான். படித்தது கிளி.

பள்ளி விட்டதும் எமிலி டீச்சர் தண்ணீர்க் குழாயடியில் கரும்பலகைத் துணியை அலசிக்கொண்டிருந்தார். வசுமதி போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"கிளி வந்த முதல் வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"வட்டாரக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். 'அருமையான கருத்து, டீச்சர்'னு சொல்லி மைக்க வாங்கி அடுத்த ஆளு கையில குடுத்தாவ."

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணினேன். நீ மீட்டிங்குல இருக்கேன்னு ஒரு பையன் சொன்னான். மறுபடி பண்ணினேன். அப்பமும் மீட்டிங்கு. சரி, இந்தப் பிள்ள ஓயாம மீட்டிங்குல கெடக்கா, வாறப்ப வரட்டும்னு விட்டுட்டேன்."

வசுமதிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்ப இந்த டேப்லெட்டே வேண்டாங்கிறீங்களா?"

"யாரு சொன்னா? நல்ல கிளி. படம் காட்டுது, பாடுது, ஒருத்தனையும் அடிக்க மாட்டேங்கு. எனக்கு யானை வரைஞ்சா எருமையாட்டம் வரும். அது அச்சு அசலா யானையக் கொண்டாந்து நிறுத்துது. வாய்தான் கொஞ்சம் நீளம்." துணியைப் பிழிந்தார். "உன்னயப் போல."

வசுமதி சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"நாளைக்குச் செயலாளர் வர்றார் டீச்சர். கிளி விடை சொல்றத நிறுத்தினா மதிப்பெண் அவர் கண் முன்னாடியே சரிஞ்சு விழும். திட்டம் போயிடும். இத்தனை வருஷம் நான் கட்டினது போயிடும். நிறுத்தாம விட்டா ஊருக்கு ஊர் பிள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காருவாங்க."

"ஆமா."

"நல்லாச் செய்யிற பிள்ளைங்க நாலு பேரை முன்னாடி உட்கார வச்சு, அவங்களுக்கு மட்டும் கிளியோட வாயை அடைச்சுட்டா?"

எமிலி டீச்சர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பார்வையில் குறும்பு இருந்தது.

"வலது கை, இடது கை?"

இந்த முறை வசுமதிக்குச் சிரிப்பு தானாக வந்துவிட்டது. அவள் சேர்ந்த புதிதில், ஆய்வு அதிகாரி வரும் நாளில், வகுப்புக்கு அவள் ஒரு தந்திரம் பழக்கியிருந்தாள். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலக் கை, தெரியாதவன் இடக் கை. எவனைக் கேட்பது என்பது ஆசிரியைக்கு மட்டும் தெரியும்.

"வந்த மனுசன் இடது கைக்காரராப் போயிட்டாரே!" என்றார் எமிலி டீச்சர். "'அடடே, நீயும் என்னய மாதிரியா? நீ சொல்லு தம்பி'ன்னு கேட்டாருல்லா?"

"'எனக்குத் தெரியாது சார், அதான் இந்தக் கை'ன்னுட்டான் சுடலைமணி."

இருவரும் குழாயடியில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த அதிகாரியும் அன்று அப்படித்தான் சிரித்தார். சிரித்துவிட்டுச் சுடலைமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை அவனோடு சேர்ந்து போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். வெயில் தாழும்போது மைதானத்துப் புழுதி பொன்னாக மின்னிய அந்த மாலை, அப்படியே ஒரு கணம் திரும்பி வந்து நின்றது. பிறகு போய்விட்டது.

"விளையாட்டு போதும் டீச்சர். நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

எமிலி டீச்சர் துணியைக் கொடியில் உலர்த்தினார். இரண்டு வகுப்பறைகளையும் பூட்டினார். சத்துணவுக் கூடத்துக் கதவை இழுத்துப் பார்த்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வசுமதி மரத்தடியில் நின்று அவர் போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று நின்றாள்.

நின்றவளின் பார்வை தற்செயலாகக் கீழே போயிற்று. அவள் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று அவிழ்த்தாள். தொலைபேசியை எடுத்துச் சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"பிரவீன், இலுப்பங்காட்டுல கிளி விடை சொல்றத இன்னைக்கே எடுத்துடுங்க. நான் என் டேப்லெட்ல பொத்தானைத் தொட்டாத்தான் அது சொல்லணும்."

"மேடம், நாளைக்குச் செயலாளர் விசிட்! ஸ்கோர் மொத்தமும் விழுந்துடும்."

"விழட்டும்."

"தொட்டுடுவீங்கல்ல மேடம்? அவசரத்துக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை செயலாளர் வந்தார். நல்ல மனிதர், மாலைகூட வேண்டாம் என்றுவிட்டார். பின்னால் உதவியாளர்கள். மூன்றாம் வகுப்பில் கிளி சிறகடித்துக் கேட்டது: முப்பத்திரண்டிலிருந்து பதினைந்து போனால் மீதி எத்தனை?

பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

கிளி கண் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. வகுப்பில் லேசாக ஒரு சலசலப்பு எழுந்தது.

"டீச்சர், என் கிளிக்கு வாயடச்சிப் போச்சு."

"எனக்குந்தான்."

"சார்ஜ் இல்லியோ?"

"கிளி எங்களோட டூ விட்டிருச்சா டீச்சர்?"

எமிலி டீச்சர் ஜன்னல் ஓரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் துணிந்து எதையோ தொட்டான், நட்சத்திரம் போய்விட்டது. "ஐயோ!" என்று கத்தினான். பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்து, "இருபத்துமூணுன்னா போட்ட? ரெண்டுல எப்படிலே அஞ்சு போவும்?" என்றான். இரண்டு பேரும் சண்டையைத் தொடங்கினார்கள். முன் வரிசையில் ஒருத்தி சிலேட்டைத் தேடினாள். சத்தம் மெல்ல மெல்லக் கூரையைத் தொட்டது. உதவியாளர் ஒருவர் முகம் சுளித்தார். செயலாளருக்காகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் மதிப்பெண்களின் ஏறுமுகக் கோடு, வெட்டிவிட்டாற்போலக் கீழே இறங்கியது.

செயலாளர் அதைப் பார்த்தார். வசுமதியைப் பார்த்தார். "நீங்க அனுப்பின அறிக்கையில இப்படி இல்லையே?"

"அதுல இருக்கிறது பிள்ளைங்க போட்ட விடை இல்ல சார். கிளி சொன்னது. நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அதோட வாயை நேத்தே அடைச்சுட்டேன்."

அவர் சற்று நகர்ந்து கடைசி வரிசைக்குப் போய் நின்றார். அங்கே செல்லக்கனி இன்னும் எதையும் தொடவில்லை. ஆனால் கட்டியிருந்த கைகள் எப்போதோ அவிழ்ந்துவிட்டன. உதடுகள் அசைந்தன. ஒரு கை விரல்களை மடக்கினாள், மறு கை விரல்களுக்குத் தாவினாள், விட்ட இடம் மறந்து, நெற்றியைச் சுருக்கி, முதலிலிருந்து மடக்கத் தொடங்கினாள்.

வசுமதியின் கையிலிருந்த கைக்கணினியில் ஒரு பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு முறை தொட்டால் போதும். கிளி விடையைச் சொல்லிவிடும், நட்சத்திரங்கள் உதிரும், கோடு எழுந்து நிற்கும், செயலாளர் புன்னகையோடு காரில் ஏறுவார். அவள் விரல் அதன் மேல் நின்றது.

உதவியாளர் செயலாளரின் காதருகே குனிந்து அடுத்த பள்ளியின் பெயரைச் சொன்னார். செல்லக்கனிக்கு மறுபடி எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

வசுமதி கைக்கணினியைத் திரை தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தாள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குரலில் கடுமை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

 எமிலி டீச்சர் ஜன்னலை விட்டு வந்து, மேசைக்குப் பின்னாலிருந்த தம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ச் செல்லக்கனியின் பக்கத்தில் போட்டார்.

"பள்ளிக்கூடம் நாலு மணி வரைக்கும் உண்டு சார். உக்காருங்க."