இரண்டு இரவல் முட்கள்

மலையில் திரிந்த எல்லா உயிர்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், முள்ளம்பன்றியின் முள் உதிராது. ஒவ்வொன்றும் சதைக்குள் ஆழமாக வேர்விட்டு நிற்கும். "உசிர் போனாலும் என் முள் போகாது" என்று அது கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லும். அப்படி ஒரு பிறவி.

பெருமைப்பட அதில் ஒன்றுமே இல்லை. மேல் குகையில் இருந்த சிறுத்தைக்கு அந்த முட்கள்தான் பிடிமானம். ஒரு முள்ளின் நுனியைக் கவ்வி இழுத்தால் முள் விடாது, முள்ளோடு சேர்ந்து பன்றியும் வந்துவிடும். அப்புறம் புரட்டிப் போட்டு வயிற்றில் வாய் வைக்க எவ்வளவு நேரமாகும்? முள்ளம்பன்றியின் அப்பனும் அப்படித்தான் போனது. ஆனாலும் மகனுக்குப் பெருமை குறையவில்லை.

அந்த மலைச்சரிவில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் உப்பு வாங்கக் கீழே போனவன், மழையில் பாதை சரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டான். இங்கே அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லை, முனகும், அவ்வளவுதான்.

மூடுபனி இறங்கியிருந்த நேரம். அந்தக் காலத்தில் மலையில் போர்த்த இருந்தது ஒன்றே ஒன்று, ஆட்டுமயிரை நனைத்து மிதித்துச் செய்த தடிக் கம்பளி. அதைப் போர்த்தினால் பிள்ளையின் நெஞ்சு அமுங்கி மூச்சு வாங்கியது. எடுத்தால் உதடு நீலம் பாரித்தது. சடைச்சி போர்த்துவாள், எடுப்பாள், மறுபடி போர்த்துவாள். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில், கம்பளியின் சூடு வேண்டும், கனம் கூடாது என்று முடிவு கட்டினாள். அப்படி ஒரு துணி உலகத்திலேயே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்ன, பிள்ளை குளிரில் கிடந்ததே!

ஆடுகள் நுழைந்து போகும் முட்புதர்களில் கொஞ்சம் கொஞ்சம் மயிர் சிக்கியிருக்கும். பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு போய் அதைப் பொறுக்கி வந்தாள். மெல்லிசாகத் திரித்து நூலாக்கினாள். அந்த நூலை விரலாலேயே வளையம் வளையமாக, கண்ணி கண்ணியாகக் கோத்துப் பார்த்தாள். ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது, குளிரில் விறைத்த விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூங்கில் சிராயை வைத்துப் பார்த்தாள், நூல் அதில் சிக்கி அறுந்தது. வழவழப்பாக, கூராக, கனமில்லாமல் இரண்டு குச்சி வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தபோது கிழங்குக் கொல்லையில் முள்ளம்பன்றி தோண்டிக்கொண்டிருந்தது. எப்போதும் பார்த்தவுடன் கல்லை எடுப்பவள், அன்றைக்கு எடுக்கவில்லை.

"அண்ணே, உன் முள்ளுல ரெண்டு இரவல் குடேன்."

முள்ளம்பன்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேத்து வரைக்கும் கல்லெறிஞ்சவ இன்னைக்கு அண்ணேங்கிறா! நல்லா இருக்கே கதை!"

"தப்புதான். இனிமே எறிய மாட்டேன். கொல்லையில பாதிய நீயே தோண்டிக்க."

"எந்தப் பாதி? அந்த ஈரமா இருக்கிற பாதியா?"

"அதேதான்."

முள்ளம்பன்றி கிட்டே வந்து அவள் மடியை முகர்ந்து பார்த்தது. "இது என்ன, எலிக்குஞ்சா?"

"என் பிள்ளை. குளிருல போயிடும்போல இருக்கு அண்ணே."

முள்ளம்பன்றி இன்னொரு தடவை முகர்ந்தது. அதன் வளையிலும் இரண்டு குட்டிகள் இருந்தன. "பனி விலகுற வரைக்கும்தான் தருவேன். பனி இருந்தா சிறுத்தைக்குக் கண்ணு தெரியாது, குகையிலயே முடங்கிக் கிடப்பான். விலகின அன்னைக்கு என் முள்ளு என் முதுகுல இருக்கணும். சொல்லிட்டேன்."

முள்ளம்பன்றி பாறை இடுக்கில் உடம்பை இறுக்கி மாட்டிக்கொள்ள, சடைச்சி ஒரு காலை அதே பாறையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்தாள். முள்ளம்பன்றி போட்ட கூச்சலில் எதிர்மலைக் குரங்குகள் மரம் மாறி உட்கார்ந்தன. நடுமுதுகில் இருந்து இரண்டு முட்கள் ரத்தத்தோடு வந்தன. அந்த இடம் வழுக்கையாகிவிட்டது. அவளைத் திட்டிக்கொண்டே போனது, போகும்போது நான்கு கிழங்கையும் எடுத்துக்கொண்டுதான் போனது.

எவ்வளவு நூல் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு ஆடு எந்தப் புதரில் நுழையும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே அகலமாகத் தொடங்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒரு முள்ளில் மூன்றே மூன்று கண்ணி போட்டுத் தொடங்கி, மற்ற முள்ளால் அவற்றுக்குள் நூலை இழுத்து வரிசை வரிசையாகப் புதுக் கண்ணிகளை எடுத்தாள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், நடுவிலும் ஓரங்களிலும் நூலை முள்ளின்மேல் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றிய இடத்தில் கண்ணி ஒன்று கூடியது, ஓர் ஓட்டையும் விழுந்தது. ஓட்டை விழுந்தால் விழட்டும், அந்த அளவுக்கு நூல் மிச்சம், அந்த அளவுக்குக் கனமும் குறைவு. கூரான முனையில் தொடங்கிய பின்னல் வரிசைக்கு வரிசை அகன்றது. நூல் எங்கே தீர்ந்தாலும் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நேற்றைக்கு நிறுத்தியிருந்தாலும் அது முக்கோணம்தான்.

ஆட்டுமயிரில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. பின்னப் பின்ன அந்தப் பிசுக்கு முட்களில் ஏறி, அவை மினுமினுவென்று ஆயின. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் விடியும்போது பனி விலகிவிட்டது. வழக்கமாக ஒரு மாதம் நிற்கிற பனி. முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றது.

"முள்ளைக் குடு சடைச்சி. அவன் இறங்கிட்டான்."

"கடைசி வரிசை அண்ணே. இதை மூடிட்டா முடிஞ்சது."

"குட்டிங்க வளையில தனியாக் கிடக்கு. குடு!"

"இப்ப உருவினா அத்தனையும் அவிழ்ந்திடும். இங்க பாரு." ஒரு கண்ணியை முள்ளிலிருந்து நழுவவிட்டாள். அது கீழே கீழே என்று நான்கு வரிசைக்கு அவிழ்ந்து ஓடியது. பதறிப்போய் அதை மறுபடி மேலே ஏற்றினாள்.

"அவிழ்ந்தா எனக்கென்ன? உன் பிள்ளை பிள்ளை, என் பிள்ளைங்க மண்ணாங்கட்டியா?"

 அவள் கதவைச் சாத்தியிருக்கலாம். முள்ளம்பன்றியால் கதவை உடைக்க முடியாது. கதவின் மேல் கைகூட வைத்துவிட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, கையை எடுத்து, எல்லாக் கண்ணிகளையும் ஒரே முள்ளுக்குத் தள்ளினாள். காலியான முள்ளை நீட்டினாள். "இந்தா, ஒண்ணு. இங்கயே நில்லு, இன்னொண்ணையும் தர்றேன்."

இனிப் பின்ன ஒரு முள்தான். மற்றொன்றுக்குப் பதில் விரல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை விரலால் இழுத்து மூடினாள், அதற்குள் அடுத்தது. இறுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, தளரத் தளர இழுத்துவிட்டாள். முள்ளம்பன்றி வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் போகவில்லை. கடைசிக் கண்ணி மூடியதும் முள் விடுபட்டது. இரண்டையும் அதன் முதுகில் பழைய குழியிலேயே செருகினாள். பிசுக்கு ஏறிய முட்கள், வேர் பிடிக்காமல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தூக்கலாக நின்றன.

முள்ளம்பன்றி பாதி வழி போவதற்குள் சிறுத்தை வந்துவிட்டது. முள்ளம்பன்றி வழக்கம்போல முதுகைத் திருப்பி நின்றது. சிறுத்தையும் வழக்கம்போல, தூக்கலாக நின்ற இரண்டு முட்களை வாயில் கவ்வி, முழுப் பலத்தோடு இழுத்தது. முட்கள் வந்தன. பன்றி வரவில்லை. இழுத்த வேகத்தில் சிறுத்தை மல்லாக்க விழுந்தது, இரண்டு முள்ளும் மேல்வாயில் ஏறிவிட்டன. அது போட்ட ஓலம் குகை வரைக்கும் கேட்டதாம்.

சடைச்சிக்கு இது எதுவும் தெரியாது. முடித்த பின்னல் சுருங்கிச் சுருண்டு கைக்குட்டை அளவுகூட இல்லாமல் இருந்தது. இதற்காகவா பதினோரு நாள் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே அதை நனைத்துப் பிழிந்து, முட்புதரின் மேல் நாலாபுறமும் இழுத்து மாட்டினாள். அவசரத்தில் தளர்த்திவிட்ட கடைசி வரிசை, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு கொடுத்தது. ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பனி விலகியதால் அடித்த வெயிலில் சீக்கிரமே காய்ந்தும் விட்டது.

பிள்ளையை நெஞ்சோடு வைத்து, கூரான முனை தன் முதுகில் தொங்க, மற்ற இரண்டு முனைகளையும் முன்னால் பிள்ளையின்மேல் குறுக்கே கொண்டுவந்து முடிந்தாள். கனமே தெரியவில்லை. ஓட்டைகளுக்குள் உடம்புச் சூடு தங்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பிள்ளையின் உதடு சிவந்தது. பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, அது வாய்விட்டு அழுதது. பக்கத்துச் சரிவுக்கே கேட்கும்படி அழுதது. சடைச்சி அதைச் சமாதானப்படுத்தவில்லை, உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"காது கிழியுது. நிறுத்தச் சொல்லு" என்று வாசலில் இருந்து ஒரு குரல்.

முள்ளம்பன்றி நின்றது. நடுமுதுகு மறுபடி வழுக்கை.

"ஐயோ அண்ணே, எங்க அந்த முள்ளு? ஆட்டுப் பிசுக்கு பட்டு வழுக்கிடுச்சா? என்னால வந்த வினை!"

முள்ளம்பன்றி கனைத்தது. நடந்ததைச் சொல்லியது.  உயிர் போனாலும் முள் போகாது என்று அத்தனை காலம் சொல்லித் திரிந்த வாய், அடுத்ததைச் சொல்லச் சங்கடப்பட்டது.

"அந்தப் பிசுக்கு இன்னும் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

அது திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. "மிச்சத்துக்கும் தடவிவிடு. நாளைக்குக் குட்டிங்களையும் கூட்டிட்டு வர்றேன்."

அன்றைக்குச் சடைச்சி தடவிவிட்டதிலிருந்துதான் முள்ளம்பன்றியின் முள், பிடித்து இழுத்தவர் வாயோடும் கையோடும் வந்துவிடுகிறது. அந்த மலைப் பெண்களும் அன்று முதல்தான் சால்வையை மூன்று கண்ணியில் தொடங்கி, ஓட்டை விட்டுப் பின்னி, கடைசி வரிசையைத் தளர்வாக மூடுகிறார்கள். காட்டில் ஒரு முள் கிடந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், இரண்டாவதும் பக்கத்தில் கிடக்கும் என்று நின்று தேடுகிறார்கள்.