பதினைந்து சிரட்டைகள்

குளக்கரை வாதாமரத்தில் ஐந்து அணில் குடும்பங்கள் வசித்தன. உதிரும் கொட்டைகளை எல்லா அணில்களும் ஒரே குவியலாகச் சேர்க்கும். மழைக்கு முன் கணக்கரான பெருச்சாளி வந்து அவற்றைத் தேங்காய்ச் சிரட்டைகளில் பங்கு போடும். மிஞ்சுவது பங்கு போட்டவருக்கு. அது அங்கே வழக்கம்.

முன்பெல்லாம் குடும்பத்துக்கு ஒரு சிரட்டைதான். போன வருஷம் பெருச்சாளி அதை மூன்றாக்கியது. அணில்கள் ஆனந்தக் கூத்தாடின. ஆனால் பாதி மழையிலேயே சிரட்டைகள் காலியாகிவிட்டன. வரிச்சி என்ற அணிலின் மூத்த குட்டி பசியால் செத்துப்போனது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது!

இந்த வருஷம் நாற்பத்து நான்கு கொட்டைகள். பெருச்சாளி மறுபடியும் பதினைந்து சிரட்டைகளை வரிசையாக வைத்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கொட்டைகள் போட்டது. மிஞ்சிய பதினான்கையும் தன் வளைப் பக்கம் உருட்டியது.

“மூன்று சிரட்டை! கணக்கர் வாழ்க!” என்று மற்ற அணில்கள் கத்தின.

வரிச்சி கத்தவில்லை. தன் மூன்று சிரட்டைகளையும் ஒன்றில் கவிழ்த்தது. ஆறே கொட்டைகள்! ஒரு சிரட்டைகூட நிறையவில்லை.

“நில்லும் கணக்கரே! அந்தப் பதினான்கு எங்கே போகிறது?”

“அது மீதியம்மா. வழக்கம் தெரியாதா?”

“மீதியா? நாங்கள் ஐந்து குடும்பம். பதினான்கில் ஆளுக்கு இன்னும் இரண்டு வருமே! பங்கு போட முடிகிறவரை அது எப்படி ஐயா மீதியாகும்?”

“சிரட்டை பதினைந்து இருக்கிறதே...”

“சிரட்டையா பசிக்கிறது என்று அழுகிறது? என் குட்டி அல்லவா அழுது செத்தது!”

மற்ற அணில்களும் தங்கள் சிரட்டைகளைக் கவிழ்த்துப் பார்த்தன. பிறகு பாய்ந்தன பாருங்கள்! பத்துச் சிரட்டைகள் குளத்தில் விழுந்தன. மிச்சம் ஐந்தில் எட்டு எட்டாகக் கொட்டைகள் நிறைந்தன. நான்கு மிஞ்சின.

வரிச்சி அந்த நான்கையும் பெருச்சாளியின் முகத்துக்கு நேரே வீசியது.

“இதுதான் மீதி. எடுத்துக்கொண்டு போய்விடும்! இனி இந்த மரத்தடியில் உம் தலை தெரியக்கூடாது.”

பெருச்சாளி பொறுக்கிக்கொண்டு ஓடியது. வரிச்சி எட்டுக் கொட்டைகளைத் தன் கூட்டுக்குச் சுமந்தது. அங்கே ஒரு குட்டிதான் காத்திருந்தது.

எத்தனை சிரட்டை என்று எண்ணி மகிழாதே. உள்ளே எத்தனை என்று எண்ணிப் பார்.