சடைச்சி வச்ச கத்தரிக்கோல்

ஏழு மடைப் பட்டணம்னு ஒண்ணு இருந்துச்சாம். அதை ஒரு ராசா ஆண்டாரு, அவருக்கு ஒரே மக, பேரு மரகதவல்லி. அந்தப் பட்டணத்துல ஒரு வழக்கம். மக பதினெட்டு வயசுல, ஆத்துல புதுத்தண்ணி வந்ததும், முழங்காலைத் தொடுற முடியை விரிச்சுப் போட்டு நடந்து வந்து முதல் மடையைத் திறக்கணும். முடி எட்டலையா, அந்த உரிமை சித்தப்பா மகளுக்குப் போயிரும்.

மரகதவல்லிக்கு அப்ப வயசு பதினஞ்சு. முடி இடுப்புக்கு வந்துச்சு, அங்கயே நின்னு போச்சு. நுனியெல்லாம் வெடிச்சு, ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, தேஞ்ச விளக்குமாறு கணக்கா இருந்துச்சு. அரண்மனைத் தைலக்காரன் பூதலிங்கம் ஒரு தைலம் காய்ச்சினான், வெடிச்ச நுனி ஒட்டலை. ரெண்டாவது காய்ச்சினான், ஒட்டலை. மூணாவது காய்ச்சினான், அப்பவும் ஒட்டலை. ஆனா அவன் குடுமியைப் பாக்கணுமே, முதுகு வரைக்கும் தொங்கும், அதை ஆட்டிக்கிட்டே நடப்பான்.

ஒரு நாள் கோட்டைச் சுவரோரமா ஆடு பத்திக்கிட்டுப் போனா ஒருத்தி. சடைச்சின்னு பேரு. கெண்டைக்காலைத் தொடுது முடி! அடியில எம்புட்டுக் கனமோ நுனியிலயும் அம்புட்டுக் கனம். மரகதவல்லி ஓடிப்போய் அவ கையைப் பிடிச்சா.

"சடைச்சி, நீ என்ன தைலம் போடுறே?"

"சாதாரண நல்லெண்ணெய்தான் தாயி. உங்க முடி வேருல நல்லாத்தான் வளருது, நுனியில ஒடைஞ்சு போகுது. வெடிச்சதை வெட்டி எறிஞ்சாத்தான் நீளும்."

மரகதவல்லி அவளைச் சபைக்குக் கூட்டிட்டுப் போயி இதைச் சொன்னதும் பூதலிங்கம் குதிச்சான் பாருங்க. "இளவரசி முடியில கத்தரிக்கோலா? அபசகுனம் மகாராஜா! ஆடு மேய்க்கிறவளுக்கு என்ன தெரியும்?"

சடைச்சி பயப்படலை. ஒரு தென்னங்கீத்தைக் கொண்டாரச் சொன்னா. நுனியில நகத்தால கீறி, ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா. சர்ர்ருனு அடி வரைக்கும் பிளந்துக்கிட்டு வந்துச்சு.

"இதை உங்க தைலத்தால ஒட்டுங்க பாப்போம்"னா.

 பூதலிங்கம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "மூணு வருசத்துல முழங்காலை எட்டலைன்னா உன் தலையை மொட்டையடிப்பேன்"னான்.

"எட்டிருச்சுன்னா?"

"என் குடுமியை எடுத்துக்கோ!"

"ராசா கேட்டுக்கிட்டாக"ன்னா சடைச்சி.

ராசாவும் சரின்னாரு, அன்னைக்கே சடைச்சி விரல் நீளத்துக்கு நுனியை வெட்டினா. மூணு மாசத்துக்கு ஒருக்க எள்ளளவு வெட்டினா. ஈரத்தலையை முரட்டுத்துணியால தேய்க்காம பழைய பருத்திச்சேலையில ஒத்தி எடுத்தா. மரச்சீப்பை நுனியில தொடங்கி, சிக்கை எடுத்து எடுத்து, மேல மேல சீவினா. வெயில்ல போனா கொண்டை, வீட்டுல இருந்தா தளர்ந்த பின்னல். என்ன கண்ணு, அவ்வளவுதானாங்கிறியா? அவ்வளவுதான். ஆனா ஒரு நாளும் விடாம செஞ்சா, அதுல இருக்கு சங்கதி.

முதல் வருசம் இடுப்பைத் தாண்டுச்சு, ரெண்டாம் வருசம் தொடையைத் தொட்டுச்சு, மூணாம் வருசம் முழங்காலுக்கு நாலு விரல்தான் பாக்கி.  பூதலிங்கம் குளியலறைக்குள்ள நுழைஞ்சு சீயக்காய்க் கிண்ணத்துல சுண்ணாம்பையும் அரிதாரங்கிற மஞ்சக்கல்லுப் பொடியையும் கலந்துட்டான். முடியைக் கூண்டோட உதிர்க்கிற மருந்து அது!

சடைச்சி மூடியைத் திறந்தா, மோந்து பாத்தா, கிண்ணத்தை அப்படியே சபைக்குத் தூக்கிட்டுப் போயிட்டா.

"ராசா, இந்தச் சீயக்காயில சுண்ணாம்பு வாடை அடிக்குது."

பூதலிங்கம் முந்திக்கிட்டு, "நல்ல சீயக்காய்தான், நானே அரைச்சேன்!"னு வாயைக் கொடுத்துட்டான்.

"அப்போ முதல்ல நீ தேய்ச்சுக் குளி"ன்னாரு ராசா.

"எனக்குச் சளி மகாராஜா."

"குளி."

"எனக்குத் தலைவலி மகாராஜா."

"குளி!"

வேற வழியில்லாம தேய்ச்சான். தண்ணி ஊத்தினான். குடுமி அப்படியே கையோட வந்துருச்சு! தலை சுரைக்காய் மாதிரி பளபளன்னு நின்னுச்சு. ஏட்டி, சிரிச்சது போதும், கேளு.

ஆத்துல தண்ணி வந்துச்சு. மரகதவல்லி முடியை விரிச்சு நடந்து வந்தா, முழங்காலைத் தொட்டு ஒரு விரல் தாண்டி நின்னுச்சு, ஒரு நுனி வெடிக்கலை. ஆட்டிடையர் தெருவே குலவை போட்டுச்சு. மடைக்கிட்ட வந்ததும் அவ நின்னு, "சடைச்சி, நீயும் கை கொடு"ன்னா.

"நான் ஆடு மேய்க்கிறவ தாயி."

"இது நீ வளர்த்த முடி. ஊரு பாக்கட்டும்."

சடைச்சி நெஞ்சை நிமித்தி முன்னால வந்தா, தன் கொண்டையை அவுத்து விட்டா. ரெண்டு பேரும் சேந்து பலகையைத் தூக்கினாக. தண்ணி குபுகுபுன்னு பாஞ்சுச்சு. ஏழு மடையும் நிறைஞ்சுச்சு, அவுக வயல்ல நெல்லு வெளைஞ்சுச்சு, நம்ம வீட்டுல சோறு வெந்துச்சு.