நாரை காதில் விழுந்த கொடுவா

ஒரு நாரை ஏமாந்த கதை இது. சிரிக்க ஓர் இடம் உண்டு. ஆனால் இப்போதே பல்லைக் காட்ட வேண்டாம். முதலில் ஒரு நீர்நாயின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அங்கே மண்ணும் உப்பு, காற்றும் உப்பு. கடல் ஏறினால் மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். கடல் இறங்கினால் வேர்களெல்லாம் சேற்றில் விரல் ஊன்றி நிற்கும். அந்தக் காட்டின் உப்பங்கழியில்தான் நீர்நாய் மீன் பிடித்து வாழ்ந்தது.

யாரோ விட்டுப்போன கிழிந்த வலை ஒன்று அதன் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டது. கடித்துக் குதறி எப்படியோ வெளியே வந்துவிட்டது. கால் மட்டும் கத்தரிக்காய் போல வீங்கிப் போயிற்று. முங்க முடிந்தது, துரத்த முடியவில்லை. துரத்தாமல் எந்த மீன் தானாக வாயில் வந்து விழும்? சேற்றில் அகப்பட்ட நத்தையையும் சுண்டுவிரல் அளவு நண்டையும் தின்று பொழுதைத் தள்ளியது.

கரை வளைக்குள் அதற்கு இரண்டு குட்டிகள். இப்போதுதான் கண் திறந்தவை, பல் முளைக்காதவை. தாய் வயிறாரத் தின்றால்தான் அவற்றுக்குப் பால். அன்று காலை குட்டிகள் சப்பிச் சப்பிப் பார்த்தன. ஒன்றும் வரவில்லை. அழக்கூட இல்லை, தாயின் முகத்தையே பார்த்தன.

இன்றைக்குள் ஒரு நல்ல மீன் வேண்டும். இல்லையென்றால் பால் அடியோடு வற்றிவிடும்.

நீர்நாய் நொண்டிக்கொண்டே நாரையைத் தேடிப் போயிற்று.

அந்தக் கழியில் நாரையைப் போல மீன் பிடிக்க ஆள் கிடையாது. அது சும்மா நின்று குத்திப் பிடிக்கும் நாரை அல்ல. தன் நெஞ்சிலிருந்து ஒரு வெள்ளை இறகைப் பிடுங்கும். கழிமுள்ளிச் செடியின் முள்ளில் அதை வைத்துக் கட்டும். மேலே ஓர் இழைப் பாசி சுற்றும். தாழை நாரின் நுனியில் முடிந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து ஒரு வீசு வீசும். நார் காற்றில் பாம்பு போல நீளும், நேராகும். இறகு தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கும். நனைந்தபின் அதைப் பார்த்தால் மடவை மீன் குஞ்சு நெளிவது போலவே இருக்கும்.

ஒரே ஒரு குறை. முள் சிறியது. பெரிய மீன் ஓர் உதறு உதறினால் கழன்றுவிடும். கழலும் முன்னே யாராவது தண்ணீரில் குதித்து மீனைக் கவ்வ வேண்டும். அதனால் நாரைக்கும் நீர்நாய் தேவைப்பட்டது.

"வா தங்கச்சி, வா," என்றது நாரை. ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போன்ற குரல் அதற்கு. அதில் சர்க்கரையை மட்டும் அள்ளிப் போட்டிருக்கும்.

"அண்ணே, ஒரு கொடுவா மீன் பிடிக்கணும். குட்டிங்களுக்குப் பால் இல்ல."

"அட, இதுக்கா நொண்டிக்கிட்டு வந்தே? ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா நானே பறந்து வந்திருப்பேனே. நமக்குள்ள என்ன? பாதி உனக்கு, பாதி எனக்கு."

மரத்து உச்சியிலிருந்து அதே ஈரச் சாக்குக் குரல் கேட்டது. "பாதி உனக்கு, பாதி எனக்கு. முள்ளு உனக்கு, மீனு எனக்கு."

அங்கே கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. இவர்களுக்கு மீன் இருக்கும் இடம் காட்டும் நண்பன் அதுதான். பங்கு கேட்காது. மீன்மேல் மொய்க்கும் ஈ கிடைத்தால் போதும். ஆனால் வாய் சும்மா இராது. யார் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பேசும்.

நாரை அண்ணாந்து பார்த்தது. "டேய் கரிச்சான், உன் வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி. பருந்து, கோட்டான், தவளை, இப்போ நான். என்கிட்ட பலிக்காது. மீனைப் பாரு."

"சரிண்ணே, பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்," என்றது கரிச்சான், இந்த முறை தவளைக் குரலில்.

கடல் இறங்கத் தொடங்கியது. சின்ன ஓடைகளிலிருந்து குஞ்சு மீன்கள் நீரோடு நீராக வெளியே வந்தன. ஓடை வாயில், சாய்ந்த மரத்தின் நிழலில், ஒரு கொடுவா அசையாமல் நின்றது. வெள்ளி உடம்பு, கூனல் முதுகு. வாயைத் திறந்தால் தேங்காய்ச் சிரட்டை உள்ளே போகும்.

"சாஞ்ச மரத்தடி," என்று கரிச்சான் மெல்லச் சொன்னது. "நிழலுக்குள்ள ஒரு நிழல் நிக்குது."

நாரை வீசியது. இறகு தள்ளிப் போய் விழுந்தது. கொடுவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாரை மறுபடி வீசியது. இந்த முறை இறகு நிழலின் விளிம்பில் விழுந்தது. நாரை அலகால் தாழை நாரைச் சுண்டியது, நிறுத்தியது. மறுபடி சுண்டியது, நிறுத்தியது.

கொடுவா ஓரக்கண்ணால் பார்த்தது. "ஏய் பொடியா, யார் வீட்டுப் பிள்ளை நீ?"

இறகு என்ன பதில் சொல்லும்?

"ஊமையா? நல்லதாப் போச்சு. ஊமைப் பிள்ளைங்கதான் கத்தாம உள்ளே போகும்."

டொப்!

தண்ணீர் வெடித்தது. கொடுவா மேலே எழும்பித் தலையை உதறியது. நாரையின் கால்கள் சேற்றில் வழுக்கின.

"முள்ளு கழலுது தங்கச்சி! குதி!"

நீர்நாய் குதித்தது. கொடுவா வேர்களுக்குள் புகுந்து திரும்பியது. நீர்நாயின் வீங்கிய கால் வேரில் மோதியது. உயிர் போகிற வலி. வாயைத் திறந்து கத்தியிருந்தால் மீன் போயிருக்கும். அது கத்தவில்லை. செவுளைக் கவ்விய பல்லை எடுக்காமல், மூன்று காலால் நீந்தி, சேற்றில் இழுத்து வந்து மீனை நாரையின் முன்னால் போட்டது. போட்டுவிட்டு அங்கேயே சாய்ந்தது.

நாரை நிதானமாக ஒரு காலைத் தூக்கிக் கொடுவாவின் மேல் வைத்தது.

கழியில் ஒரு வழக்கம் உண்டு. கரையேறிய மீன்மேல் யார் கால் வைக்கிறாரோ அவருக்கே மீன். காலை எடுத்தால் உரிமையும் போயிற்று, அடுத்துக் கால் வைப்பவருக்கு மீன். சண்டை வராமல் இருக்க எப்போதோ ஏற்பட்ட வழக்கம். நல்ல வழக்கம்தான். நாரையின் காலடியில் மாட்டிக்கொண்டதுதான் கெடுதல்.

"அண்ணே, பாதின்னு சொன்னீங்களே," என்றது நீர்நாய்.

"ஆமா, சொன்னேன். வீசறது பாதி வேலை, கவ்வறது பாதி வேலை. வேலையில பாதி உனக்கு, பாதி எனக்குன்னேன். மீனைப் பத்தி யார் பேசினா?"

"காலையிலிருந்து குட்டிங்க வயித்துல ஒரு சொட்டு இல்லண்ணே."

"பாவம்தான். ஆனா என் வயிறும் வயிறுதானே தங்கச்சி. தின்னு முடிச்சதும் கூப்பிடுறேன். முள்ளு கிடக்கும், பொறுக்கிக்க."

நீர்நாய்க்குப் பல் உண்டு. நாரையின் கால் ஈர்க்குச்சிப் பருமன்தான். ஒரு கடி போதும். ஆனால் வழக்கத்தை உடைத்தவரோடு கழியில் யாரும் பிறகு மீன் பிடிக்க வர மாட்டார்கள். இந்தக் காலோடு தனியாக அது எத்தனை நாள் பிழைக்கும்? அது தள்ளிப் போய் உட்கார்ந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

சிரிப்பு எங்கே என்று கேட்காதீர்கள். அந்த நேரம் கரிச்சானுக்கே வரவில்லை.

கொடுவா இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று நாரை காத்திருந்தது. கரிச்சான் மரத்தை விட்டுக் கிளம்பி, நீர்நாயின் வளை இருக்கும் கரைக்குப் பறந்தது. வளைக்கு வாசல் தண்ணீருக்கு அடியில், வேர்களுக்குள்ளே. மேட்டில் இருப்பது மூச்சுவிட ஒரு சின்னத் துளைதான். அதன் அருகே கரிச்சான் உட்கார்ந்து கேட்டது.

குட்டிகளுக்குத் தெரிந்தது இரண்டே சொல். ஒன்று கொடு, இன்னொன்று வா.

"கொடு... வா... கொடு... வா..."

இருளுக்குள்ளிருந்து நூல் போல அந்தக் குரல் வந்தது. கரிச்சான் தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டது. தொண்டைக்குள்ளேயே ஒரு தரம் சொல்லிப் பார்த்தது. பிறகு பாதி வழி திரும்பி வந்து, அடர்ந்த புதர் ஒன்றுக்குள் ஒளிந்துகொண்டு, குட்டிகளின் குரலில் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டது.

"கொடு... வா... கொடு... வா..."

நாரையின் கழுத்து விறைத்து நிமிர்ந்தது.

"கொடுவாவா? யார் அது, கொடுவா கொடுவான்னு கத்துறது?"

பருந்தா? இல்லை. கோட்டானா? இல்லை. இந்தக் குரலை நாரை கேட்டதே கிடையாது. சந்தேகத்தோடு நீர்நாயைத் திரும்பிப் பார்த்தது. நீர்நாய் எழுந்து நின்றிருந்தது.

"நான் போகணும் அண்ணே."

"எங்கே?"

"அங்கேதான். கூப்பிடுறது கேக்கலையா உங்களுக்கு?"

"நல்லாவே கேக்குது," என்றது நாரை.

நீர்நாய் அதற்குமேல் நிற்கவில்லை. மீனையும் பார்க்கவில்லை, நாரையையும் பார்க்கவில்லை. சேற்றில் விழுந்தும் எழுந்தும் குரல் வந்த பக்கம் ஓடியது.

நாரை கணக்குப் போட்டது. 'கண்முன் கிடக்கும் மீனை மறந்து இவள் ஓடுகிறாள் என்றால், அங்கே இருப்பது இதைவிடப் பெரிய கொடுவா. ஒன்றா, கூட்டமா, யார் கண்டது? இவள் முதலில் போய்க் கால் வைத்துவிட்டால் என் கதி என்ன? இது துடிப்பு அடங்கிச் செத்த மீன். எங்கே ஓடப்போகிறது? இவளோ இங்கே இல்லை. அங்கே ஒரு கால் வைத்துவிட்டு இங்கே வந்தால் இரண்டும் என்னுடையது.'

"நில்லு தங்கச்சி. அங்கேயும் அண்ணன் கால்தான் முதல்ல," என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்தது. இறக்கையை விரித்து நீர்நாயின் தலைக்கு மேலே பறந்து போயிற்று.

நாரை கடந்து போனதுதான் தாமதம், நீர்நாயின் முன்னால் கரிச்சான் வந்து குதித்தது.

"அக்கா, நில்லுங்க. குட்டிங்க பத்திரமா இருக்கு. இங்கே கத்தினது நான்."

நீர்நாய்க்கு மூச்சு வாங்கியது. "என் உயிரே போச்சுடா பாவி. இதுலயா விளையாடுவே?"

"விளையாட்டு இல்லக்கா. குட்டிங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. கேட்டவங்க காது எப்படியோ, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

நீர்நாய் திரும்பிப் பார்த்தது. வெறும் சேற்றில் கொடுவா தனியாகக் கிடந்தது.

அது நொண்டி நொண்டித் திரும்பி வந்தது. வீங்கிய காலையே தூக்கி மீன்மேல் வைத்தது. வலித்தது. எடுக்கவில்லை. குனிந்து, அடிவயிற்றின் கொழுத்த பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கியது.

அங்கே நாரை மீனைத் தேடிப் புதரையும் தாண்டிப் போய், வளை இருக்கும் கரை மேட்டில் இறங்கியிருந்தது. இப்போது குரல் அதன் காலடியிலிருந்தே வந்தது. இந்த முறை கூப்பிட்டது கரிச்சான் அல்ல.

"கொடு... வா..."

நாரை ஓடையைப் பார்த்தது. மீன் இல்லை. வேர்களுக்குள் பார்த்தது. மீன் இல்லை. வேறு எங்கிருந்து என்று குனிந்து தேடியது. மூச்சுத் துளையைக் கண்டு அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது.

உள்ளே இரண்டு வாய்கள் திறந்திருந்தன. பல் இல்லாத, காய்ந்த வாய்கள். துளையில் நிழல் விழுந்ததைக் கண்டு அம்மாதான் வந்துவிட்டாள் என்று அவை நினைத்தன.

"வா," என்றது ஒன்று.

"கொடு," என்றது மற்றொன்று.

நாரை துளையிலிருந்து கண்ணை எடுத்தது. பிறகு அலகுக்குள் அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. "கொடு... வா." மறுபடியும் சொன்னது. "கொடு. வா." நடுவில் ஒரு குட்டி மூச்சு வாங்கும் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைத்தான் அதன் காது விழுங்கியிருந்தது.

அது தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. தூரத்துச் சேற்றில், கொடுவாவின் மேல், கத்தரிக்காய் போல வீங்கிய ஒரு கால் தெரிந்தது. நாரைக்கு அப்போதுதான் விளங்கியது.

பேராசை பிடித்த காதுக்குப் பசித்தவரின் அழைப்பும் இரையின் பெயராகவே கேட்கும்.